காய்ச்சல் பார்க்க வந்த தோடம்பழம்

எங்கள் வீட்டில் தோட்டத்து வெங்காயத்தைக் கிண்டி எடுக்கும் நாட்களில் மகளுக்குக் காய்ச்சல் வரும். மற்ற நாட்களில் வராது. மழையில் நனைந்தாலும் வராது, ஐஸ்பழம் மூன்று தின்றாலும் வராது. தோட்டத்தில் வெங்காயத் தாள் முற்றிச் சாய்ந்து, சுன்னாகம் சந்தையில் விலையும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டால், நான் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, "மகளுக்குக் கடும் காய்ச்சல் என்பதால்" என்று வகுப்பு ரீச்சருக்கு எழுதத் தொடங்கிவிடுவேன்.

அப்போது அதில் எனக்குப் பெரிய வெட்கம் இருக்கவில்லை. கிண்டிய வெங்காயத்தை மண் உதறி, தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டவேண்டும். அதில் மகளின் கை மெசின் மாதிரி. கூலிக்கு ஆள் பிடிப்பதும் குமருக்கு மாப்பிள்ளை பிடிப்பதும் இப்போது ஒரே பாடுதான். பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள், என் வீட்டுக்காரரின் தமக்கை, வேலிக்கு மேலால் எனக்குத் தைரியம் சொல்லுவார்.

"பெட்டை நாலு நாள் போகாட்டி பள்ளிக்கூடம் என்ன பறந்தே போகப்போகுது? உதிலைதானே நிக்கும்."

பள்ளிக்கூடம் நின்றது. பாடம் நிற்கவில்லை.

ஒருமுறை தொடர்ந்து மூன்று நாள் மகளை வீட்டில் மறித்துவிட்டேன். நாலாம் நாள் காலை, வேலை பாதியாகிவிட்டதே என்று பள்ளிச் சட்டையை மினுக்கி மடித்து வைத்து, "இண்டைக்குப் போ பிள்ளை" என்றேன். மகள் அசையவில்லை.

"நான் இனிப் போகேல்லை அம்மா."

"ஏனடி?"

"எல்லாரும் எங்கையோ நிக்கினம், நான் எங்கையோ நிக்கிறன். கணக்கிலை எக்ஸ் எண்டு ஒண்டு வந்திட்டுதாம். அது ஆரெண்டே எனக்குத் தெரியாது."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. போய் வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

என் சிரிப்பும் அடங்கியது. மகள் எட்டாம் வகுப்பு. நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் எட்டாம் வகுப்பில்தான். என்னை ஒருவரும் நிற்பாட்டவில்லை. நடுகை என்று நாலு நாள் நின்றேன், வெங்காயம் கிண்டுகிற வேலை என்று எட்டு நாள் நின்றேன், பிறகு போக வெட்கப்பட்டு ஒரேயடியாய் நின்றேன். மிச்சப் படிப்பைக் கடையில் சாமானுக்குச் சரை சுற்றித் தந்த பேப்பரிலும் சனத்தின் வாயிலும்தான் படித்தேன். அந்த வழியில் இவளும் போகப்போகிறாளோ என்று பட்டது. ஆனாலும் பழகின கை. இன்னொரு காய்ச்சல் கடிதம் எழுதி, மகளைக் கூட்டிப்போக வந்த சிநேகிதியிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு விஷயத்தை மறந்துபோனேன். ஊரில் டெங்கு உலாவிய காலம் அது. நாலு நாள் காய்ச்சல் என்றால் யாருக்கும் நெஞ்சு பதறும். மற்றது, நோய் வருத்தம் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஆட்கள் பார்க்க வராமல் இருக்கமாட்டார்கள்.

பின்னேரம் படலையில் ஸ்கூட்டிச் சத்தம். ரீச்சர். பின்னால் சிநேகிதி. அவள் மடியில் ஒரு பை தோடம்பழம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் ஒரு விறாந்தை வெங்காயத்தை ஒற்றைச் சாக்கால் மறைக்கப் பார்த்தேன். நோயாளி இரண்டு கையிலும் பிடியோடு எழும்பி நின்றாள்.

ரீச்சர் மகளின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து வெங்காயத்திலும் கையை வைத்துப் பார்த்தார்.

"அக்கா, காய்ச்சல் பிள்ளைக்கோ, வெங்காயத்துக்கோ?"

வேலிக்கு மேலால் மச்சாளின் குரல் வந்தது: "ரெண்டுக்கும்தான் ரீச்சர்!"

ரீச்சர்தான் முதலில் சிரித்தார். எனக்கோ நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. மகள் சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன்: இனிப் போகமாட்டாளாம். ரீச்சரின் சிரிப்பு நின்றது. சீலையைச் செருகிக்கொண்டு குவியலுக்கு முன்னால் குந்தி, ஒரு பிடியை எடுத்துக் கட்டினார். என்னுடையதைவிட இறுக்கமான கட்டு.

"நானும் உடுப்பிட்டியிலை தோட்டக்காரன்ரை மோள்தான் அக்கா. பிழை என்னிலையும் இருக்கு. வரேல்லை, வரேல்லை எண்டு வரவு இடாப்பிலை போட்டுக்கொண்டே போனன். ஏனெண்டு ஒருக்கால்கூடப் போன் எடுத்துக் கேக்கேல்லை."

அதற்கிடையில் சிநேகிதி மகளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். "எடியேய், எக்ஸ் ஒண்டுமில்லையடி. உந்த ரெண்டு கூடையிலையும் ஒரேயளவு பிடி எண்டு வை. வெளியிலை மூண்டு. எல்லாமாய் இருபத்துமூண்டு. அப்ப கூடைக்கு எத்தினை?"

"பத்து."

"பாத்தியே, அதுதான் எக்ஸ்."

"இவ்வளவுதானோ?" என்றாள் மகள். அவளைவிட எனக்குத்தான் கூடுதல் சந்தோசம். நாற்பது வயது தாண்டி எனக்கும் எக்ஸ் ஆரென்று தெரிந்துவிட்டது.

அங்கேயே ஒரு ஒழுங்கு பேசி முடிந்தது. "கிண்டுற நாளை முதலே சொல்லுங்கோ. அந்தக் கிழமை வீட்டுப்பாடம் குறைச்சுத் தாறன். காலமை பிள்ளை என்னட்டை, பின்னேரம் உங்களிட்டை" என்றார் ரீச்சர். மச்சாள் வேலியைச் சுற்றி வந்து சேர்ந்தார். "பின்னேரத்திலை நான் வந்து கட்டித்தாறன். என்ரை வெங்காயத்துக்கு நீங்கள் வாங்கோ. ஊர் கூடினால் தேர் ஓடும், உந்தப் பிடியைக் கட்டி முடிக்கேலாதே?" பள்ளிக்கூடம் பறந்து போகாது என்று சொன்ன அதே வாய்!

அடுத்த நாள் மகள் போனாள். அடுத்த போகத்துக்கு நான் எழுதிய கடிதம் இது: "நாளைக்கு எங்கள் வீட்டில் வெங்காயம் கிண்டுகிறோம். மகள் வருவாள்." அவளும் போனாள். பிடிகள் பின்னேரம் வரைக்கும் பொறுத்துக்கொண்டன. வெங்காயத்துக்கு நம்மளவு அவசரம் இல்லை.

போன மாதம் அவளுக்கு மெய்யாகவே காய்ச்சல் வந்தது. உடம்பு அடுப்பு மாதிரி. ஆனாலும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"காய்ச்சலெண்டு நீங்கள் சொன்னால் ரீச்சர் நம்பமாட்டா. நான் போய் நெத்தியைக் காட்டிப்போட்டு வாறன்."

ரீச்சருக்குப் போன் எடுத்தேன். "சத்தியமாய்க் காய்ச்சல் ரீச்சர்" என்றேன்.

"நம்புறன் அக்கா. நீங்கள் வெங்காயம் நட்டு இன்னும் ஒரு மாசம் ஆகேல்லையே! டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு, பிள்ளையைப் படுக்க விடுங்கோ."

பின்னேரம் சிநேகிதி தோடம்பழப் பையோடு வந்தாள். மகள் பாயில் இருந்தபடியே பையை வாங்கி, பழங்களை ஒவ்வொன்றாய் வெளியில் எடுத்து வைத்தாள். அடியில் தேடியது கிடைக்கவில்லை போலும்.

"இண்டைக்கு எழுதின கணக்குக் கொப்பி எங்கையடி?" என்றாள்.