தவக்காலத்து ஆமை முட்டை

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இறைச்சி சமைத்ததில்லை. காரைக்கால் கத்தோலிக்கக் குடும்பங்களில் சுத்தபோசனத்தைப் பிறழாது கடைப்பிடிப்பவர்கள் என்ற பெயர் எங்களுக்கு உண்டு. அப்பெயரை நானும் காத்தேன். ஆனால் அதே நாட்களில் எங்கள் மேசைக்கு ஆமை முட்டை வந்தது.

மாசியில் ஆமைகள் கரையேறி மணலில் முட்டையிடும். கோட்டுச்சேரிமேட்டு மீனவர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண் ஒரு குழியைத் தோண்டினாலே கூடை நிறைந்துவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் வெண்கரு இறுகாத அம்முட்டையின் தோலைக் கிள்ளி, உப்பும் மிளகும் தூவி உறிஞ்சுவோம். முட்டை இறைச்சியாகாது என்பதால் நோன்பு கெடவில்லை என்று நம்பினோம். ஆமை முட்டை எடுக்கத் தடை வந்த செய்தியை நாளிதழில் நானே வாசித்தேன், ஆயினும் நிறுத்தவில்லை.

ஆண்டுக்கு ஆண்டு முட்டை குறைந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளியன்று, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனர் உணவுக்கு அமர்ந்திருந்தபோது, அப்பெண் மீன் மட்டும் கொண்டுவந்து நின்றாள்.

"என்ன மச்சான், சீமைக்காரனுக்கு முட்டை கிடையாதா?" என்று அவர் சிரித்தார்.

அச்சிரிப்பு என்னைச் சுட்டது. "வேற வீட்டுல குடுத்துட்டு இங்க கதை சொல்ல வந்தியா?" என்று அவளை எல்லார் முன்னிலும் கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொழப்பு எனக்கு வேணாங்க ஐயா. ஆமையே ஏறல. குஞ்சு பொரிக்க ஒரு குழியாச்சும் விட்டோமா? தோண்டுனது நானு, தின்னது நீங்க. அப்புறம் எது ஏறும்?"

கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் அதன்பின் எங்கள் தெருவுக்கே வரவில்லை.

"திருடின்னு சொல்லாத கொறதான். போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க," என்றாள் என் மனைவி.

பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் அவளைப் பழித்ததைக் குருவிடம் சொன்னேன், அது எளிதாயிருந்தது. மறுநாள் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன். நண்டுகள் ஊர்ந்த கோடுகளைத் தவிர மணலில் வேறு தடமில்லை. அவள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கய்யா, இம்புட்டு தூரம்?" என்று எழுந்தாள். பக்கத்துப் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்தேன்.

"நெத்திலி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குங்க," என்று அள்ளி, தாளில் பொதிந்து கொடுத்தாள்.