வெற்றுச் சீட்டு

கீழ்வேளூரை விட்டுத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். ஆடி பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, போன் சார்ஜர், பாதி சோப்பு. எனக்குப் பின்னால் நான் விட்டு வந்த வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்றுப் பறிக்க ஐந்து நாள் வேலை என்று பண்ணைக்காரர் பேசியிருந்தார். இரண்டாம் நாள் காலை வேனில் பதினாறு பேர் வந்து இறங்கினார்கள். வங்காளத்து ஆட்கள். நாற்றைப் பறிப்பதும் அவர்கள், நடுவதும் அவர்கள்.

"கோவிச்சுக்காதீங்க, மொத்தமாப் பேசிட்டேன்" என்றார் பண்ணைக்காரர்.

கோபப்பட ஒன்றும் இல்லை. கயிறு பிடித்தது போல நட்டார்கள். நானும் பதினோரு வருடம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியில் ஊர் ஊராகப் போய், அவர்கள் மண்ணில் குழாய் இறக்கியவன்தான். அங்கே வேலையில்லாமல் நின்றவர்கள் எங்கள் லாரியைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்.

வேலை போனால் நடப்பது என் வழக்கம். பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்குவது என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். நடந்தால் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனால் ஏதாவது இருக்கும் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. செம்மண் நிறத்தில், நுரையோடு, அவசரமில்லாமல் வந்தது.

பத்து மணி வாக்கில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தின் கேட்டருகே தண்ணீர் கேட்க நின்றேன். உள்ளே மைதானத்தில் ஒரு ஷாமியானா காற்றில் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு டீச்சர் ஒரு மூலையைப் பிடித்திருந்தார், அல்லது அது அவரைப் பிடித்திருந்தது.

"அண்ணே, தண்ணி அப்பறம் குடிக்கலாம். முதல்ல இந்தக் கயித்தப் பிடிங்க."

பிடித்தேன். ஆடிக் காற்றுக்குக் கட்டுவதென்றால் மேற்குப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்ட வேண்டும். கட்டியவர்கள் நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவிழ்த்து மறுபடி கட்டினேன். டீச்சர் செம்பில் தண்ணீரும் இலையில் நான்கு இட்லியும் கொடுத்தார். கணக்கு டீச்சர். நாற்பது வயதிருக்கும். விழாவுக்குக் கட்டிய பட்டுப் புடவை, முந்தானையில் சாக்பீஸ் தூள்.

அன்று மதியம் விழா. அந்தப் பள்ளிக்கூடத்தில் பல வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். வயல் வீட்டுப் பிள்ளைகள், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் மீனவப் பிள்ளைகள், கடைத்தெரு முஸ்லிம் பிள்ளைகள், ரைஸ் மில் லைன் வீடுகளில் இருக்கும் வடக்கத்திப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் சாப்பாட்டை, பாட்டை, உடுப்பைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு.

நான் போர் லாரியில் வடக்கே இருந்தவன் என்று சொன்னதும் டீச்சர் என் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. எட்டாவதுல ஒரு பொண்ணு. அவங்கப்பா மில்லுல வேலை. மதியம் வர்றாரு. தமிழ் அவருக்கு அரைகுறைதான். ஞாயித்துக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டுட்டாராம். பொண்ணக் கொண்டுபோய் ஊர்ல அத்தை வீட்ல விடப்போறாரு. அங்க போனா மாடு மேய்க்கத்தான். படிப்பு அதோட சரி."

"ஏன் கொண்டுபோறார்?"

"இங்க வந்து ஒண்ணரை வருசமாச்சு. வாயத் தொறக்க மாட்டேங்குறா. மதியம் சாப்பிட மாட்டேங்குறா. ரெண்டு தடவ பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. அவரச் சொல்லியும் குத்தமில்ல. இன்னிக்கு மேடையில அவ ஆடுறதப் பாத்தாருன்னா மனசு மாறும்னு நெனைக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு நான் சொல்றத அவருக்குச் சொல்லணும்."

சரி என்றேன். வராந்தாவில் ஒரு மரப்பெட்டி தொங்கியது. மனதில் இருப்பதை எழுதிப் போடும் பெட்டி என்றார் டீச்சர். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்து அவர் மாட்டியது. பேர் எழுத வேண்டாம். அப்பா குடிக்கிறார், கணக்கு பயமாக இருக்கிறது, பல்லு வெளியே இருக்கிறது என்று கேலி செய்கிறார்கள் என்றெல்லாம் வருமாம்.

"இதுல ஒரு கூத்து. வாரா வாரம் ஒரு வெத்துச் சீட்டு வருது. அழகா மடிச்சு, உள்ள ஒண்ணுமில்ல. எவனோ வெளையாடுறான்."

பதினொன்றரைக்கு அந்தப் பெண்ணைக் காணவில்லை. டவுனில் வாடகைக்கு எடுத்த உடுப்பைப் போட்டுவிட்டுப் பவுடர் பூசும் வரை இருந்தாளாம். பிள்ளைகள் "ஹிந்தி, ஏ ஹிந்தி" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவசரத்தில் டீச்சர் வாயிலும் ஒருமுறை அது வந்தது.

கம்பங்களுக்கு அண்டை கொடுக்கக் கல் தேடிச் சமையலறைக்குப் பின்னால் போனேன். உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்த கொட்டகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிச் சில்லு தைத்த பெரிய பாவாடை, நெற்றியில் சுட்டி. வங்காளத்தில் நான் நடந்த கிராமங்களில் அப்படி ஒரு உடுப்பை ஒருத்தியும் கட்டிப் பார்த்ததில்லை.

முதலில் ஹிந்தியில் என்னம்மா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, லாரி டிரைவரிடம் கற்றதை வைத்து, "பாத் கேயேச்சோ?" என்றேன். சோறு தின்றாயா என்று அர்த்தம். அந்த ஊரில் நான் அதிகம் கேட்ட கேள்வி அதுதான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சுத்தமான தமிழில் சொன்னாள்.

"உங்க பெங்காலி ரொம்ப மோசம்."

"போர் லாரியில படிச்சது. அங்க வாத்தியார் கிடையாது."

"எனக்கு ஹிந்தியே தெரியாது. ஆடச் சொன்ன பாட்டுக்கு என்ன அர்த்தம்னு தெரியாது. இது எங்க துணியும் இல்ல."

"டீச்சர்ட்ட சொல்றதுதானே?"

"இது உங்க பாட்டா, உங்க துணியான்னு யாரும் கேக்கல. ஆடுறியான்னு கேட்டாங்க. நான் ஆடுவேன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

அவளுக்கு ஒரு கதை சொன்னேன். ஒரு பூஜை நாளில் ஒரு ஊர்க்காரர்கள் எங்கள் போர் லாரி ஆட்களுக்கு மாலை போட்டு, உங்கள் பாட்டுக்கு ஆடுங்கள் என்று ஒரு பாட்டைப் போட்டார்கள். அது தெலுங்குப் பாட்டு. எங்களில் ஒருவனுக்கும் தெலுங்கு தெரியாது. ஆனாலும் ஆடினோம். மீன் குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

மறுபடி சிரித்தாள். சிரித்து முடிந்ததும் சுட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி சொன்னாள்.

"பெட்டியில போட்டேன். எனக்குப் பேசத்தான் வரும், தமிழ் எழுத வராது. வெறும் பேப்பரப் போட்டா யாருன்னு தேடிக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்."

கல்லைத் தூக்காமல் திரும்பினேன். தண்ணீர் கேட்க வந்து கயிறு கட்டியவன் ஒரு டீச்சரிடம் போய், நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல முடியுமா? பாதி மைதானம் வரை அதை யோசித்தேன். மீதிப் பாதியில் எதுவும் யோசிக்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். ஹிந்தி தெரியாது, துணி அவர்களுடையது இல்லை, வெற்றுச் சீட்டு அவளுடையது.

மைக் செட்காரர் எதையோ கேட்டதற்கு டீச்சர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கொட்டகைக்கு நடந்தார். அங்கே தூசியில், அந்தப் பெண்ணுக்கு எதிரே, பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்தார்.

"நான் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடதுதாம்மா."

நான் எட்டாவதோடு நின்றவன். அந்த வருடம் மழைக்காலத்தில் அம்மா இறந்தாள். அதற்குப் பிறகு கடைசி பெஞ்சில் இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை, என்ன என்று கேட்கவும் இல்லை. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பேரை அடித்துவிட்டார்கள். இதில் யார்மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் ஒரு வாத்தியார் ஒரு பிள்ளையிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. கேட்கக் கிடைத்ததற்காக அந்த டீச்சருக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். அன்று அவரிடம் அதைச் சொல்லத் தெரியவில்லை. கல்லை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்துக்கு அண்டை கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு அப்பா வந்தார். துவைத்த சட்டை, காதோரம் மில் தவிடு. கையில் ஒரு பெரிய பொரி மூட்டையும் கடுகெண்ணெய் பாட்டிலும். வீட்டுச் சாப்பாடு எது வேண்டும் என்று காலையிலேயே மகளிடம் கேட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறார். அவள் பள்ளிச் சீருடைக்கு மாறியிருந்தாள். மேசையில் பொரியைக் கொட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், எண்ணெய் விட்டுக் கையால் புரட்டினாள். பிள்ளைகள் மொய்த்தார்கள். மீனவப் பிள்ளைகளின் கருவாட்டு மேசையை அடுத்து அங்கேதான் கூட்டம்.

"காரமா இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

ஒரு பெண் மெல்லுவதை நிறுத்தினாள். "ஏய், நீ தமிழ் பேசுவியா?"

"பேசுவேன்."

"அப்ப இத்தன நாளு நாங்க பேசினதெல்லாம் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அந்தப் பெண் பொரியைக் குனிந்து பார்த்தாள். பிறகு தட்டை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் போடு."

அப்பா என் பக்கம் திரும்பி, இவள் இவ்வளவு பேசுவாளா என்று அவர் மொழியில் கேட்டார். லைன் வீட்டில் பெங்காலிதான். மகள் தமிழ் பேசி அவர் கேட்டதே இல்லை.

டீச்சர் எங்களைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிப்போனார். டீச்சர் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த பெங்காலியில் அப்பாவுக்குச் சொன்னேன். தெரியாத இடத்தில் மகளே திருத்தினாள். அப்பா கேட்டது ஒன்றுதான். நான் மில்லில் இருக்கிறேன், இவள் இங்கே விழுந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? டீச்சர் தன் போன் நம்பரைச் சீட்டில் எழுதி அவர் பையில் வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்ன வேணும்? நீ சொல்லு."

ஊருக்குப் போகவில்லை என்று அவள் சொல்வாள் என நாங்கள் காத்திருந்தோம்.

"சாப்பாட்டு வரிசையில என்னை ஹிந்தின்னு கூப்பிடக் கூடாது. எனக்குப் பேர் இருக்கு. அப்படிக் கூப்பிட்டா நான் சாப்பிட மாட்டேன்."

டீச்சர் தலையசைத்தார். "நானும் கூப்பிட்டுருக்கேன். இனிமே இல்ல. தமிழ் எழுதவும் சொல்லித் தர்றேன், சாயங்காலம் அரை மணி நேரம்."

நான் அதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே இருந்தார், டிக்கெட் அங்கே இருந்ததோ என்னவோ. கடைசியில், காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம் என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. அது போதும் என்று டீச்சர் முகம் சொன்னது.

மேடையில் அவள் ஆடவில்லை. மைக்கில் தன் பேரைச் சொன்னாள், ஊர்ப் பேரைச் சொன்னாள், பொரி இன்னும் இருக்கிறது, வந்து எடுத்துக்கோங்க என்றாள். பின்னால் ஒருவன் "ஹிந்தி" என்று ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவள் அவன் தொடையில் கிள்ளிவிட்டாள்.

சாயங்காலம் ஷாமியானாவை அவிழ்த்தபோது அப்பா வந்து கூட ஒரு கை பிடித்தார்.

"அண்ணா, மில்லுல களத்துக்கு ஆள் வேணும். வர்றீங்களா?" என்று அவர் மொழியில் கேட்டார்.

காலையில் வயலை அவர் ஊர்க்காரர்களிடம் விட்டுவிட்டு வந்தவன் நான். அதைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் சொன்னார், "அந்த வேலை அவங்களுக்கு, இந்த வேலை உங்களுக்கு."

மறுநாள் காலை ஆறரைக்கு மில் களத்தில் நின்றேன். கொதி அடங்காத அவித்த நெல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள். பலகையால் தள்ளிப் பரப்பி, காயக் காயக் காலால் கோதிவிட வேண்டும். உள்ளங்கால் முதல் அரை மணி நேரம் எரிந்தது. பிறகு பழகிவிட்டது. எட்டரைக்கு லைன் வீட்டுப் பிள்ளைகள் பையோடு களத்தின் ஓரமாகப் போனார்கள். அவள் நின்று, நான் உச்சரித்த மாதிரியே, அதே கோணல் இழுவையோடு கேட்டாள்.

"காக்கு, பாத் கேயேச்சோ?"

காக்கு என்றால் சித்தப்பா. தின்னாச்சு, நீ மதியம் தின்னு என்றேன். அடுத்த தள்ளுவண்டி வந்துவிட்டது. பலகையை எடுத்தேன்.