முட்டை வண்டிக்கு முதல் பிளகின்

கொரியாவின் இக்சான் நகரத்தில் கும்சொன்னின் குரலைக் கேட்காதவர்கள் இல்லை. அவள் பேசிக் கேட்டவர்கள் மிகக் கொஞ்சம்.

காலையில் நீல நிறச் சின்ன லாரி ஒன்று தெருவுக்குள் திரும்பும். அதன் கூரையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து, "முட்டை வந்திருக்கு! பெரிய முட்டை, புது முட்டை!" என்று ஒரு பெண் குரல் ஊரைக் கூப்பிடும். பின்னால் துள்ளலாக ஒரு மெட்டு ஓடும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி அதே லாரியில், கணவனுக்குப் பக்கத்து இருக்கையில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது கண்ணாடியைத் தட்டி விலை கேட்டால், ஒரு வார்த்தை பேசாமல் கணவன் பக்கம் கையைக் காட்டுவாள்.

சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நகைப் பட்டறையில் கல்லுக்கு மெருகு போட்டவள் அவள். இயந்திரம் போடுகிற சத்தத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது. அந்த வேலையில் அவளுக்குப் பிடித்ததே அதுதான். பிறகு யோங்பேயைக் கட்டிக்கொண்டாள். யோங்பே அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறவன்.

முதலில் லாரியில் அவன் குரல்தான் ஒலித்தது. "முட்டை விக்க வந்தியா, வம்புக்கு வந்தியா?" என்று ஜனங்கள் கேட்டார்கள். ஒரு குளிர்காலத்தில் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ சொல்லுடி, நாலு வார்த்தைதானே" என்று கெஞ்சினான். அவனை வீட்டைவிட்டு வெளியே அனுப்பி, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைப்பேசியில் அந்த நாலு வார்த்தையைச் சொன்னாள். அன்றைக்கு மதியத்துக்குள் லாரி காலியாகிவிட்டது.

அதற்குப் பிறகு கருவாட்டு லாரிக்காரர் வந்து கேட்டார், சோயாப்பால் கட்டியான டோஃபு விற்கிறவர் கேட்டார், மெத்தை விற்கிறவரும் கேட்டார். எதிரில் உட்கார்ந்து பேச வேண்டியதில்லை என்பதால் கும்சொன் எல்லாருக்கும் சரி என்றாள். பழைய மடிக்கணினி ஒன்றில் பாட்டு செய்கிற மென்பொருளை ஏற்றி, காணொளிகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கருவாட்டுக்கு அலை புரள்கிற மாதிரி மெதுவான மெட்டு, டோஃபுவுக்கு ஒரு மணியோசை, மெத்தைக்குத் தாலாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று போட்டுக் கொடுத்தாள். மெத்தைக்காரருக்குத் தன் வண்டியிலேயே தூக்கம் வந்துவிட்டதாம். அதற்கு மட்டும் வேறு மெட்டு போட வேண்டியிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நவம்பரில் அந்தச் செய்தி வந்தது. வெள்ளிப்பைன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மகளிர் சங்கத் தலைவி சூ மியொங்ஜா, வாயிற்காவலர் மூலம் சொல்லி அனுப்பினாள். "உங்க வண்டி போடுற சத்தம் காதைக் கிழிக்குது. என்ன விக்கிறீங்கன்னே பாதிப் பேருக்குப் புரியல. அடுத்த செவ்வாய்க்கிழமை கேட்டுப் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா இனிமே கேட்டுக்குள்ள விடமாட்டோம்."

வெள்ளிப்பைன் போனால் பாதி வியாபாரம் போனது மாதிரி. யோங்பே அன்றிரவு சோறு சாப்பிடும்போதுகூடப் பேசவில்லை. அப்படி ஒன்று அந்த வீட்டில் நடந்ததே இல்லை.

"போமியம்மா, உன் கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பண்ண முடியாதா?" என்று கடைசியில் கேட்டான். போமி அவர்கள் மகள். பூசானில் வேலை பார்க்கிறாள்.

பண்ணலாம். குரலை மாற்றுவதற்கென்றே பிளகின் என்று சின்னச் சின்ன மென்பொருள்கள் உண்டு. பாட்டு செய்கிற மென்பொருளுக்குள் அவற்றைச் செருகிக்கொள்ள வேண்டும். கம்ப்ரெஸ்ஸர் என்பது குரலின் ஏற்றத்தாழ்வை அமுக்கிச் சமமாக்கும். ஈக்வலைசர் கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைக்கும். ரிவெர்ப் எதிரொலி கொடுக்கும். நவம்பரில் உலகத்தில் உள்ள பிளகின் கம்பெனிகள் எல்லாம் விலையைக் குறைக்கும். அந்த மாதத்தில் இசைக்காரர்கள் தேவையில்லாததை எல்லாம் வாங்கிக் குவிப்பதற்குக் கொரியாவில் கருவி நோய் என்றே பெயர். கும்சொன்னுக்கு அந்த நோய் ரொம்ப நாளாக உள்ளே இருந்தது, வெளியே காட்டிக்கொண்டதில்லை.

"ஒண்ணு வாங்கிக்கோ. ஒண்ணே ஒண்ணு. வண்டிக்குப் பனிக்கால டயர் மாத்தணும்" என்றான் யோங்பே.

ஒன்று என்றால் எது? வருஷக்கணக்காகப் படித்து மட்டும் வந்த இசைக்காரர்களின் இணையக் குழுவில் முதல் தடவையாக எழுதினாள். "குரலுக்கு ஒரே ஒரு பிளகின் வாங்கலாம் என்றால் முதலில் எதை வாங்குவது?" அனுப்பிவிட்டு, யாரோ அடிக்க வருவதைப் போல மடிக்கணினியை மூடிவிட்டாள்.

திறந்து பார்த்தபோது உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. கம்ப்ரெஸ்ஸர்தான் என்றான் ஒருவன். கம்ப்ரெஸ்ஸரை முதலில் வாங்கச் சொல்கிறவனுக்குக் காது இல்லை, ஈக்வலைசர்தான் என்றான் இன்னொருவன். முதலில் நல்ல மைக் வாங்குங்கள் என்றார் ஒருவர். மைக்கை விடுங்கள், முதலில் அறையைச் சரி பண்ணுங்கள் என்றார் அடுத்தவர். குளியலறையை எப்படிச் சரி பண்ணுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பையன் மட்டும் பொறுமையாகக் கேட்டிருந்தான். "என்ன வகை இசை செய்கிறீர்கள்?"

கும்சொன் உண்மையை எழுதினாள். "முட்டை."

உடனே ஒருவன், "இதைப் பெர்லினில் கேட்டிருக்கிறேன், அருமையான வகை" என்று எழுதினான்.

யோங்பேயிடம் கேட்டிருந்தால் இவ்வளவு பாடே இல்லை. பாட்டு அறையில் வாடகைக்கு மைக் பிடித்துப் பாடுவதில் அவன் தெருவுக்கே ராஜா.

"எக்கோடி, எக்கோ! எக்கோ இல்லாம மைக்கைப் பிடிக்கிறது மீசை மழிக்காம பொண்ணு பாக்கப் போற மாதிரி. எக்கோ போட்டா கழுதைகூடப் பாடகி ஆயிடும்."

"என்னைக் கழுதைங்கறீங்களா?"

"உன்னைச் சொல்லுவேனா? நான் பாடுறதைச் சொன்னேன்."

அவன் சொன்னதற்காக மட்டும் அவள் ரிவெர்ப் வாங்கவில்லை. பத்து நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம் என்று இருந்ததால், குரலைப் போட்டுப் பார்த்தாள். அதில் சின்ன அறை, பெரிய மண்டபம், குகை, தேவாலயம் என்று விதவிதமாக இடங்கள் இருந்தன. தேவாலயத்தைத் தேர்ந்தெடுத்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். "முட்டை வந்திருக்கு" என்று யாரோ ஒருத்தி உயரத்திலிருந்து சொன்னாள். நிறையப் படித்தவள் மாதிரி, பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று பேசத் தெரிந்தவள் மாதிரி இருந்தது அந்தக் குரல். கும்சொன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். கண் கலங்கிவிட்டது. அப்போதே வாங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளிப்பைன் வாயிலுக்குள் லாரி நுழைந்தது. இரண்டு பக்கமும் பதினைந்து மாடிச் சுவர்கள், நடுவில் ஒரு சந்து. யோங்பே பெருமையோடு பொத்தானை அமுக்கினான்.

"முட்டை... முட்டை... ட்டை... வந்திரு... முட்டை... வந்திருக்கு... க்கு... ட்டை..."

ஒலிபெருக்கி ஒன்றைச் சொன்னால் இடப்பக்கச் சுவர் அதைத் திருப்பிச் சொன்னது. இடப்பக்கச் சுவர் சொன்னதை வலப்பக்கச் சுவர் வாங்கிக்கொண்டது. அதற்குள் தேவாலயம் வேறு உள்ளே புகுந்து எல்லாவற்றையும் இழுத்து நீட்டியது. மெட்டு எங்கோ அடிவயிற்றில் இடி மாதிரி உருண்டது. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தா எழுந்து தொப்பியைக் கழற்றினார். தரைத்தளத்து மழலையர் பள்ளியில் போன வாரம்தான் அபாயப் பயிற்சி நடந்திருந்தது. பிள்ளைகள் எல்லாம் சொல்லாமலே மேஜைக்கடியில் போய்ப் பதுங்கிக்கொண்டார்கள். மூன்றாம் கட்டடத்துப் பாட்டி ஒருத்தி தண்ணீர் பாட்டிலும் போர்வையுமாக இறங்கி வந்து, "எந்தப் பக்கம் ஓடணும்?" என்று காவலரைக் கேட்டாள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கும்சொன் கணவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இரு, இப்பதான் கூட்டம் வருது!"

கூட்டம் வரத்தான் செய்தது. அன்றைக்குத் தலைவி வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி என்கிற கோசு ஊறுகாய் போடுகிற நாள். முழங்கைவரை ரப்பர் கையுறை போட்ட பெண்கள் மிளகாய் விழுது சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க ஏதோ கொலை செய்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி இருந்தது. முன்னால் வந்தவள் மியொங்ஜா.

"யோவ் முட்டை! வானத்துலேருந்தா முட்டை எறக்குற? சத்தத்தைக் குறைய்யான்னு சொன்னா கூட்டி வச்சிருக்கே!"

"தலைவியம்மா, இது புதுசுங்க, எக்கோ..."

"எக்கோவை எங்க குடியிருப்பு சும்மாவே குடுக்குதே, அதைக் காசு குடுத்து வேற வாங்குவியா? எவ இந்தக் குரல் குடுத்தவ?"

யோங்பே பக்கத்து இருக்கையைப் பார்த்தான். தொப்பி இன்னும் கீழே இறங்கியது, கைகள் மடியிலிருந்த மடிக்கணினியைப் பற்றிக்கொண்டன.

"இவளா? இத்தனை சின்ன உருவத்துலேருந்தா இம்புட்டுச் சத்தம்? எறங்கும்மா. எங்க வீட்டுக்கு வந்து கேளு, உன் குரல் எப்படி இருக்குன்னு. அதை எடுத்துக்க, அந்தக் கம்ப்யூட்டரை. இன்னிக்கே சரி பண்ணலன்னா இன்னியோட சரி."

தெரியாத வீட்டுக்குள், தெரியாத பெண்கள் நடுவில் போவது என்றால் கும்சொன்னுக்குப் பல் பிடுங்கப் போவது மாதிரி. ஆனால் வண்டி திரும்பிப் போனால் பிறகு வர முடியாது. மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

ஏழாவது மாடி. வீட்டுத் தரை முழுக்க முட்டைக்கோசு. பால்கனி ஓரமாக உட்கார்ந்தாள். யோங்பே கீழே மறுபடியும் பொத்தானை அமுக்கினான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, முட்டை வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து தன் குரலைக் கேட்டாள். ஹெட்ஃபோனில் கேட்ட அந்தப் படித்தவளைக் காணோம். கிணற்றுக்குள் விழுந்த ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிற மாதிரி இருந்தது.

முகம் சிவந்துவிட்டது. முதல் காரியமாகப் புது பிளகினை எடுத்துவிட்டாள். மாற்றியதைக் கணவனின் கைப்பேசிக்கு அனுப்பினாள். கீழேயிருந்து உடனே அழைப்பு வந்தது.

"ஏன்டி, எக்கோ எங்கடி?"

"போடுங்க, பேசாம."

பெண்கள் கோசு இலைகளுக்கு நடுவே விழுதைத் தடவிக்கொண்டே காது கொடுத்தார்கள்.

"இப்ப கொஞ்சம் தேவலை. ஆனா அந்தத் திம்திம் எதுக்கு? என் ஜாடி மூடியெல்லாம் ஆடுது" என்றாள் ஒருத்தி.

கும்சொன் மெட்டை எடுத்தாள்.

"மூக்குல பேசுறாப்ல இருக்கே. மூக்கை எடு" என்றாள் மியொங்ஜா.

மூக்கை எப்படி எடுப்பது? கும்சொன் கொஞ்சம் யோசித்தாள். மென்பொருளோடு சும்மா வந்த ஈக்வலைசரைத் திறந்தாள். இலவசமாக வந்ததுதானே என்று இத்தனை நாள் சரியாகத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அடிக்கனத்தை வெட்டினாள். பிறகு நடுவில் ஒரு இடத்தை மெல்ல மெல்ல இறக்கி, ஒவ்வொரு தடவையும் கீழே அனுப்பிப் போடச் சொன்னாள். ஒரு இடத்தில் மூக்கு காணாமல் போய்விட்டது.

"அட, போயிடுச்சுடி!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"இன்னும் ஒண்ணு. ஏன் இப்படி மூச்சு விடாம அடுக்குற? செவுரு உன் பேச்சைத் திருப்பிச் சொல்றதுக்குள்ள நீ அடுத்ததைச் சொல்லிடுற. செவுரு சொல்லி முடிக்கட்டும், அப்புறம் நீ சொல்லு" என்றாள் மியொங்ஜா.

கும்சொன் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். குழுவில் அத்தனை பேர் எழுதியதில் இது இல்லை. வார்த்தைகளுக்கு நடுவே வெட்டி, இடைவெளியை இழுத்துவிட்டாள். ஏதோ சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

திறந்த வாய்க்குள் மியொங்ஜா கிம்ச்சி சுற்றிய பன்றி இறைச்சித் துண்டை முழுசாகத் திணித்தாள். கிம்ச்சி போடுகிற வீட்டில் வாயைத் திறக்கிறவர்களுக்கு அதுதான் கதி. கும்சொன் மெல்லவும் முடியாமல், பேசவும் முடியாமல், ஒரு விரலால் அனுப்புகிற பொத்தானை அமுக்கினாள்.

கீழேயிருந்து குரல் எழுந்தது.

"முட்டை."

சுவர் அதை ஒரு தரம் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

"முட்டை வந்திருக்கு."

எதிர்க் கட்டடத்தில், மேலே எங்கோ ஒரு சன்னல் திறந்தது. "முட்டைக்காரரே! போயிடாதீங்க, ரெண்டு தட்டு வேணும், வர்றேன்!" என்று ஒரு பெண் கத்தினாள். அடுத்து கீழே ஒரு கதவு திறந்தது. தண்ணீர் பாட்டில் பாட்டியும், வந்ததுக்கு ஒரு தட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று வரிசையில் நின்றாள்.

மியொங்ஜா கையுறையோடு இடுப்பில் கையை வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் இரண்டு சிவப்புக் கைகள் பதிந்தன.

"செவ்வாய்க்கிழமை வரலாம். இந்தக் குரல்தான். வேற எதையும் சேர்க்கக்கூடாது. உன் புருஷன் இறங்கி நின்னு பாடக்கூடாது. புரியுதா?"

கும்சொன் தலையாட்டினாள். வாய் இன்னும் நிறைந்துதான் இருந்தது.

"பேச மாட்டியா நீ?"

கும்சொன் அவசரமாக மென்று விழுங்கினாள். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள்.

அத்தனை பேரும் தரையை அடித்துக்கொண்டு சிரித்தார்கள். மியொங்ஜா மட்டும் சிரிக்காமல் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். இன்னொரு இலையையும் போட்டுப் பார்த்தாள்.

"கம்மிதான்" என்றாள். "அந்த உப்பை எடுங்கடி. நீ எங்க போற, உக்காரு. கையுறை இருக்கு."