எழுபத்தைந்து கிலோவா, ஒரு மூட்டையா?

இன்று காலை கள்ளக்குறிச்சி மாவட்டமே திரண்டு வந்து பார்த்திருக்க வேண்டிய காட்சி. ஜிம்மில் இருந்தது மொத்தம் மூன்று பேர்.

தரையில் கிடக்கும் எடைக் கம்பியைக் குனிந்து தூக்கும் டெட்லிஃப்டில் நான் எழுபது கிலோவில் சிக்கி இரண்டு மாதம் ஆகிறது. எழுபத்தைந்து என்று காதில் விழுந்தாலே போதும், கம்பியின் இரண்டு பக்கமும் கல்வராயன் மலையைக் கட்டித் தொங்கவிட்டது போல ஆகிவிடும். இன்றும் தூக்காவிட்டால் ஜிம்மையே விட்டுவிடுகிறேன் என்று வீட்டுக்காரியிடம் சபதம் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

முதல் இழுப்பில் கம்பி அசையவில்லை. ஜிம் மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, நெல்லு மூட்ட தூக்குவீங்களா?"

"இன்னாபா இப்டி கேட்டுட்ட? லாரி லாரியா ஏத்திக்கினு இருந்தவன்பா நானு."

"அப்ப இதுவும் ஒரு மூட்டதான். தூக்குங்க."

தூக்கிவிட்டேன். பாரம் குறைந்த பூமி ஒரு சுற்று வேகமாகவே சுற்றியது.

"மூட்டையும் எழுபத்தஞ்சு கிலோதாண்ணே," என்று சிரித்தார் மாஸ்டர்.

அதைக் கேட்ட பிறகு மறுபடியும் குனிந்தேன். கம்பி அசையவில்லை.

"மூட்டண்ணே, மூட்டன்னு நெனச்சிக்கோங்க," என்று கெஞ்சினார். பலிக்கவில்லை. மூளைக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

வீட்டில் நுழைந்ததும், "தூக்குனீங்களா இல்லியா?" என்றாள் வீட்டுக்காரி.

"மூட்டன்னா தூக்கிட்டேன். கிலோன்னா தூக்கல."

"அப்ப ஜிம்ம வுட்டாச்சா, இல்லியா?"

எனக்கே தெரியவில்லை. நாளைக் காலை நான் போக வேண்டியது ஜிம்முக்கா, நெல் மண்டிக்கா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எடையை மட்டும் கிலோவில் சொல்லிவிடாதீர்கள்.