சவுரிராயனின் மூன்றாவது உயில்

சவுரிராயன் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கேங்மேனாக இருந்தவர். அவருடைய அப்பா முகையூர்ப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிக் கூலி வாங்கியே காலத்தை ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் பத்திரத்தில் பெயர் ஏறிய முதல் ஆள் சவுரிராயன்தான். ஓய்வு பெறும் முன்பே திண்டிவனத்தில் ஒரு மனை வாங்கிச் சின்னதாகத் தளம் போட்ட மெத்தை வீடு கட்டினார். கையோடு உயிலும் எழுதிவைத்தார். மனைவி அதற்கு முந்தின வருஷம்தான் தவறியிருந்தார். வீடு ஒரே மகன் பிரான்சிஸுக்கு என்று நாலு வரியில் வேலை முடிந்தது.

பிரான்சிஸ் 2017இல் சாலை விபத்தில் போய்விட்டான். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான், குழந்தை இல்லை. மருமகள் ஜெசிந்தா தாய் வீட்டுக்குத் திரும்பவில்லை. தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு மாமனாரோடு இருந்தாள். ஆறு மாதம் கழித்து சவுரிராயன், பத்திரம் எழுதும் கிருஷ்ணசாமியிடம் போய் இரண்டாவது உயில் எழுதினார். வீடு ஜெசிந்தாவுக்கு.

பகலில் அவர் தனியாக இருப்பது அவளுக்குக் கவலையாகவே இருந்தது. ஒருநாள் சர்க்கரை இறங்கிக் குளியலறையில் விழுந்து கிடந்தார். அதன் பிறகு அவருக்கு ஒரு துணை தேடாமல் அவள் விடவில்லை. சர்க்கரை பார்க்க அவளிடம் மாதாமாதம் வரும் மரியபுஷ்பம் என்ற விதவை, அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டு இருந்தார். இருவரையும் பேசவைத்தது ஜெசிந்தாதான். ஊர் என்ன சொல்லும் என்று சவுரிராயன் ஒரு வருஷம் தட்டிக்கழித்தார். கடைசியில் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் கல்யாண அறிக்கை வாசித்து, 2023இல் கல்யாணம் நடந்தது.

நாலு மாதம் போனது. புது மனைவிக்கும் ஏதாவது எழுதிவைக்க வேண்டுமே என்று சவுரிராயன் மறுபடி கிருஷ்ணசாமியிடம் போனார். பழைய உயிலோடு ஒரு வரி சேர்த்தால் போதும் என்பது அவர் நினைப்பு. கிருஷ்ணசாமி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது இப்ப செல்லாதுங்க. உங்க கிறிஸ்தவங்க சட்டத்துல, எழுதினவரு கல்யாணம் பண்ணிக்கினா அன்னைக்கே பழைய உயில் ரத்து."

"அப்ப வீடு யாருக்குப் போவும்?"

"பாதி சம்சாரத்துக்கு. பாதி உங்க தம்பிக்கு. மருமவளுக்கு ஒண்ணும் வராதுங்க."

சவுரிராயன் சைக்கிளில் ஏறாமல் வீடுவரை தள்ளிக்கொண்டே நடந்தார். அந்த நாலு மாதத்தில் நிமோனியா வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தார். அப்போது தனக்கு எதுவும் ஆகியிருந்தால், கல்யாணம் செய்துவைத்த பெண்ணே தெருவில் நின்றிருப்பாளே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

மரியபுஷ்பத்திடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினார். பிறகு மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னார். மரியபுஷ்பம் கீரையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டார்.

"நான் இருக்கிற வரைக்கும் என்னை யாரும் எழுந்து போன்னு சொல்லக் கூடாதுங்க. அத மட்டும் எழுதுங்க. அப்பால அவளுக்கே போவட்டும். அவதானே என்னைக் கூட்டிக்கினு வந்தா."

மூன்றாவது உயில் அப்படியே எழுதப்பட்டது: மரியபுஷ்பம் ஆயுள் முழுக்கக் குடியிருக்கலாம், அதன் பின் வீடு ஜெசிந்தாவுக்கு. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது. சேதி தெரிந்த தம்பி ராயப்பன் கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஈஸ்டருக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். ஜெசிந்தா, உயிலை எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள் மாமா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

போன மாதம் சவுரிராயன் கிருஷ்ணசாமியிடம் இன்னொரு தடவை போயிருந்தார். ஜெசிந்தா கல்யாணம் செய்துகொண்டால் இந்த உயில் கெட்டுப்போகுமா என்று கேட்டார். எழுதினவர் கல்யாணம் செய்தால்தான் ரத்து, அவள் செய்துகொண்டால் ஒன்றும் ஆகாது என்றார் கிருஷ்ணசாமி. ஆனால் உயிலில் அவளுக்கு அடையாளமாக 'மகனின் மனைவி' என்று மட்டும் இருப்பதால், அவளுடைய அப்பா பெயரையும் சேர்த்து, சாட்சிகளோடு ஓர் இணைப்பு எழுதிவிட்டால் பின்னால் பேஜாரு இருக்காது என்றார். சவுரிராயன் அங்கேயே உட்கார்ந்து சம்பந்தியின் பெயரைச் சொன்னார்.

இப்போது விழுப்புரத்தில் ஒரு வரன் பார்த்து வைத்திருக்கிறார். ஜெசிந்தா இன்னும் பதில் சொல்லவில்லை.