பத்தியக்கா எங்கே சாப்பிடுகிறாள்?

எங்கள் பைண்டிங் கடையில் பத்தியக்காவை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவளே திரும்புவாளா என்பது சந்தேகம். பட்டப்பெயரை வைத்தவர் அட்டை வெட்டுகிற மெஷின்காரர். முதலாளி மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வந்திருந்தது. அக்கா வேண்டாம் என்றாள். "ஒரே ஒரு துண்டு, அது என்ன பண்ணிடப் போகுது?" என்று ஆளாளுக்கு அவளைப் பிடுங்கி எடுத்தோம். அவள் இரண்டு கையாலும் தட்டைத் தள்ளிவிட்டு, "பத்தியம்ப்பா, விடுங்க" என்றாள். அன்றைக்கு ஒட்டிய பெயர் அது. எங்கள் கடையில் ஒட்டியது எதுவும் லேசில் பிரியாது.

விஷயம் இதுதான். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது அக்காவின் குடலுக்கு ஆகாது. தின்னத் தின்னக் குடலின் உள்பக்கம் தேய்ந்துபோகும், அப்புறம் எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் சேராது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். மருந்து கிடையாது. சாப்பாட்டில் கவனமாக இருப்பதுதான் மருந்து. பிரெட், பிஸ்கட், கேக், நூடுல்ஸ், ரவை, மைதா எல்லாவற்றுக்கும் ஆயுள் முழுக்க ஒரு பெரிய கும்பிடு.

சொல்வதற்கு ஒரு வரி. செய்து பார்த்தால்தான் தெரியும். தனிச் சட்டி, தனிக் கரண்டி, பாத்திரம் தேய்க்கத் தனி நார். வெண்ணெய்கூடத் தனி டப்பா, ஏனென்றால் பொது டப்பாவில் யாராவது பிரெட் தூள் ஒட்டிய கத்தியை விட்டிருப்பார்கள். கடைக்குப் போனால் சூப் பொடி, சாஸ் பாட்டில் என்று ஒவ்வொன்றையும் திருப்பி, செல்போன் வெளிச்சத்தில் எறும்பு எழுத்தைப் படிக்க வேண்டும். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். விருந்து என்று எங்கே போனாலும் கையில் சோற்று டப்பா. அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுச் சாப்பாடு அவ்வளவு மோசமா?" என்று கேட்க ஒரு சொந்தக்காரி எப்போதும் இருப்பாள். இப்படியெல்லாம் தினம் தினம் இருக்க வேண்டியவள் நானாக இருந்தால் ஒரு வாரத்தில் யாரையாவது கடித்திருப்பேன்.

மாமியார் என்றாலே கொடுமைக்காரி என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த வீட்டில் பத்தியத்துக்குக் காவல் நின்றதே மாமியார்தான். அக்காவின் சட்டிக் காதில் சிவப்பு நூல் கட்டி வைத்தார். வீட்டுக்கு வந்தவர் தெரியாமல் அதில் கை வைத்தால், "அதை வைம்மா, அது என் மருமகளோடது" என்று அடுத்த அறையிலிருந்தே குரல் வரும்.

இத்தனை செய்தும் உடம்பு தேறவில்லை. அதுதான் எங்களுக்குப் புரியாத புதிர். வயிறு உப்பிக்கொண்டே இருந்தது, வாயில் புண், சீப்பு வைத்தால் கொத்தாக முடி. மேஜையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்பாள். "தூங்கி எழுந்ததும் மறுபடி தூங்கப் போகணும் போல இருக்குடி" என்பாள். ரத்தப் பரிசோதனையில் குறைய வேண்டிய எண் குறையவே இல்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தெரிஞ்சோ தெரியாமலோ கோதுமை எங்கேயோ உள்ள போகுதும்மா" என்றாராம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் காதில் 'தெரிஞ்சோ' மட்டும்தான் விழுந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் லிஃப்ட் அண்ணன் என்போம். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் லிஃப்டை வைத்தே யோசிப்பவர். "லிஃப்ட் சும்மா நிக்காது. எவனாவது ஒருத்தன் கதவைத் திறந்து வெச்சிருப்பான்" என்பது அவர் வேதம். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு அதையே பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார்.

"வீட்டுல அம்மா கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கறாங்க. அப்ப நீ வெளியதான் திங்கற. யாருக்குக் காது குத்தற?"

"நான் திங்கலைங்க."

"அடுத்த டெஸ்டுலயும் இதே வந்தா, இந்தத் தனிச் சட்டி தனிக் கரண்டியெல்லாம் மூட்டை கட்டி மேல போட்டுடுவேன். எல்லாரும் திங்கறதையே நீயும் தின்னு. இந்த நடிப்பு வேணாம்."

மறுநாள் மத்தியானம் ஜன்னலோரம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா இதைச் சொன்னாள். சோற்றில் கை வைக்கவில்லை.

"சட்டி போனாப் போகுதுடி. நடிப்புன்னு சொன்னாரு பாரு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "நானா இருந்தா நடக்கறதே வேற."

"என்ன பண்ணுவ? சாயங்காலம் ஆனா அதே வீட்டுக்குத்தானே போவ."

போகப் போக அவளுக்கே அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. "நான் தூக்கத்துல எழுந்து போய்த் திங்கறேனோ?" என்று ஒருநாள் கேட்டாள். மாமியாரிடம் சொல்லி பிரெட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லி, சாவியை அவர் தலையணைக்கு அடியில் வைக்கவும் சொன்னாளாம். மாமியார் பூட்டினாராம். பூட்டிவிட்டு, "உன்னை நம்பாம பூட்டலம்மா, நீ நிம்மதியாத் தூங்கணும்னு பூட்டறேன்" என்றாராம்.

அடுத்த பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் லிஃப்ட் அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மறைக்காம சொல்லு. இங்க டீ நேரத்துல அவ என்ன திங்கறா?"

"டீ மட்டும்தான்ண்ணே. பிஸ்கட் தட்டு அந்தப் பக்கம் வந்தா அக்கா இந்தப் பக்கம் போயிடுவாங்க."

"நீயும் அவ கட்சி."

"ஆமா, கட்சிதான். உள்ள வந்து நீங்களே பாத்துக்கங்க."

வந்தார். காகிதக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அக்காவுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. முகம் சிவந்தது. ஆனாலும் தலை நிமிரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வருகைப் பதிவேடுகள் மலை மாதிரி குவிந்திருந்தன.

அக்காவின் வேலை ஒட்டுத்தாள் ஒட்டுவது. அட்டையையும் உள்ளே இருக்கிற புத்தகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற கெட்டித் தாள் அது. பிரஷ்ஷை வாளியில் முக்கித் தாளில் பசை பூசுவாள். அட்டைமேல் வைத்து, சுருக்கம் விழாமல் விரலால் நீவுவாள். பிறகு அடுத்த தாளை எடுக்க வேண்டும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்த விரலுக்குப் பிரியாது. ஆகவே விரலை நாக்கில் ஒற்றி எடுத்துத் தாளைப் பிரிப்பாள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் அப்படித்தான். நானும் அப்படித்தான்.

பூசினாள், நீவினாள், விரலை நாக்கில் ஒற்றினாள், தாளை எடுத்தாள். மறுபடியும். மறுபடியும்.

அண்ணன் சட்டென்று எழுந்தார்.

"என்ன அது?"

"எது?"

"இப்ப வாயில வெச்சியே."

"விரலுங்க. தாள் எடுக்கறதுக்கு."

"விரல்ல என்ன?"

அக்கா விரலைப் பார்த்தாள். "பசை."

"பசை எதுல செய்யறது?"

எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் தினமும் காலையில் அதைக் காய்ச்சுகிறவள் நான். மாவைத் தண்ணீரில் கரைத்து, துளிப் படிகாரம் போட்டு, கட்டி தட்டாமல் கிளறி இறக்குவேன். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம்தான், அக்காவுக்கும் தெரியும். ஆனால் பசை என்பது பசை. அதை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்?

"மைதாதான்ண்ணே" என்றேன்.

அவர் இரண்டு கையையும் தட்டினார். "பாத்தீங்களா! நான் கரடியாக் கத்தினேன்ல! திங்கறா, இவ திங்கறான்னு சொன்னேன்ல! காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் திங்கறா!"

மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "நுணலும் தன் வாயால்…" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அக்கா அந்த விரலை வேறு யாருடையதோ போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். எத்தனை பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள், எத்தனை விருந்தில் பட்டினியாக உட்கார்ந்தாள்! சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது, பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு அவளைத் தையல் மேஜைக்கு மாற்றினார்கள். அங்கே ஊசியும் நூலும்தான், பசை கிடையாது. லிஃப்ட் அண்ணன் மறுநாளே வங்கியில் நோட்டு எண்ணுகிறவர்கள் வைத்திருப்பார்களே, வட்ட டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு, அதை வாங்கிக் கொடுத்தனுப்பினார். நல்ல காரியம்தான். மன்னிப்பு மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நாக்குப் பழக்கம் லேசில் போகவில்லை. வீட்டில் செய்தித்தாள் புரட்டினாலும் விரல் வாய்க்குப் போகுமாம். விரல் சூப்பும் குழந்தைக்குத் தடவுவதுபோல மாமியார் கசப்பு மருந்தைத் தடவிவிட்டார். அந்தக் கசப்போடு கடைக்கு வந்து அக்கா முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

அடுத்த பரிசோதனையில் எண் இறங்க ஆரம்பித்தது. அதற்கடுத்ததில் நன்றாகவே இறங்கியது. வாய்ப்புண் ஆறியது, முடி கொட்டுவது நின்றது. சிவப்பு நூல் கட்டிய சட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அசதி மட்டும் முழுசாகப் போகவில்லை, அதற்கு நாளாகும் என்கிறார் டாக்டர்.

லிஃப்ட் அண்ணன் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குக்கூடக் கதவு திறக்கிற வரைக்கும் இதைத்தான் சொல்கிறாராம். "டாக்டராலயே முடியல. நான் ஒரு பொழுது உக்காந்து பாத்துக் கண்டுபிடிச்சேன்." பக்கத்தில் அக்கா இருந்தால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது சும்மா அவளைச் சீண்டினேன். "என்ன இருந்தாலும் அண்ணன் பெரிய ஆளுதான்க்கா. தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் நம்மால முடியாததைக் கண்டுபிடிச்சிட்டாரே."

அக்கா டப்பாவின் கடைசிச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மூடினாள்.

"கண்டுபிடிச்சாரு. இல்லைங்கல. ஆனா எனக்கு என்ன கெடுதல்னு தேடி வரலடி. என்னைப் பிடிக்க வந்தாரு."

அவள் எழுந்து கை கழுவப் போனாள். போகும்போது, "அந்த ஸ்பாஞ்சு காஞ்சு கிடக்குது, கொஞ்சம் தண்ணி தெளிச்சு வை" என்றாள்.