நாத்தனார் வீட்டைத் தவிர்த்துவிட்டுத் திருவனந்தபுரம்

போன மாசியில் நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரம் போனேன். பத்மநாபனைச் சேவித்து நாளாயிற்று. கரமனையில் ஆற்றங்கரைப் பூங்காவும் பார்க்க வேண்டியதுதான் என்றார்கள். கரமனை அக்ரஹாரத்தில்தான் என் நாத்தனார் சரசு புதுவீடு கட்டியிருக்கிறாள். மூன்று வருஷமாக அந்தப் படி நான் ஏறவில்லை. கிரஹப்பிரவேசத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் மாட்டுப்பெண்ணை விட்டுப் போனில் அழைப்பிதழின் படம் அனுப்பினாள். அண்ணன் பெண்டாட்டிக்குப் படமா? "என்னைப் பார்க்கணும்னா பூங்காவுக்கு வா" என்று கிளம்புவதற்கு முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன்.

தம்பானூரில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் பழவங்காடிப் பிள்ளையார். ஒரு தேங்காய் அடித்துவிட்டுப் பத்மநாபன் கோயிலுக்குப் போனேன். ஆண்கள் வேட்டி மட்டும், சட்டை கூடாது. சுடிதார்காரிகள் மேலே ஒரு முண்டு, அதாவது வேட்டி, சுற்ற வேண்டும். மூன்று வாசலிலும் நின்று முகம், நாபி, பாதம் பாருங்கள். கூட்டம் தள்ளும், அசையாதீர்கள்.

கோயிலை ஒட்டிய கிழக்கே கோட்டையிலிருந்து கரமனைக்கு ஆட்டோ, அறுபது ரூபாய். "இந்த வெயில்ல பார்க்குக்கா அம்மா? கொள்ளாமே!" என்று, 'நன்றாயிருக்கிறதே' என்பதை மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார் டிரைவர்.

பூங்கா சுத்தம். ஆற்றை ஒட்டி நடைபாதை, மர நிழல். ஒரு பெஞ்சில் சரசு குடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கோ மன்னி. ஆறு பிடிச்சிருக்கா?"

"ஆத்துமேல எனக்கென்ன கோபம்?"

"மறக்கவே மாட்டேளா?"

"எதுக்கு மறக்கணும்? உன் மாட்டுப்பொண்ணு அனுப்பின படம், அதுல என் பேர்கூட இல்லை."

சரசு பையிலிருந்து குங்குமச்சிமிழை எடுத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நடைப்பயிற்சிக்காரர்கள் பார்க்க என் முன்னால் நின்றாள்.

"மன்னி, எங்காத்து கிரஹப்பிரவேசம். அவசியம் வந்துடணும்."

"மூணு வருஷம் கழிச்சா?"

"நீங்க வராம அது எப்படி முடியும்? பால் இன்னும் காய்ச்சலை. வாங்கோ, பொங்க விடறேன்."

சிரிப்பு வந்துவிட்டது. குங்குமம் எடுத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கோயிலுக்குக் காலையிலேயே போங்கள், நடை சாத்திவிடுவார்கள். பூங்காவுக்கு வெயில் தாழ்ந்தபின் போங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரமனையில் எந்த ஓட்டல் நல்லது என்று எனக்குத் தெரியாது. நான் சாப்பிட்டது பால் பொங்கிய வீட்டில், அவியலில் உப்பு ஒரு கல் கூட. அதை மறக்கமாட்டேன்.